ஸ்க்ரீன் டைம் எண்ணை ஆய்வுக்கு எடுப்பது எப்படி? உளவியல் மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எம்.எஸ்ஸி. உளவியல் இறுதியாண்டில் நான் எடுத்த தலைப்பு, கல்லூரி மாணவர்களின் போன் பயன்பாடும் தூக்கமும். முதல் சுற்றில் 52 பேரிடம் தரவு வாங்கினேன். அத்தனையையும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. ‘ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் போன் பார்ப்பீர்கள்?’ என்று வினாத்தாளில் கேட்டிருந்தேன். வந்த பதில்கள் பெரும்பாலும் 2, 3, 4, 5 என்று முழு எண்கள். சந்தேகம் வந்து, பத்துப் பேரைக் கூப்பிட்டு அவரவர் போனில் இருந்த கணக்கைப் பார்த்தேன். ‘3 மணி’ என்று எழுதியவரின் போனில் 6 மணி 10 நிமிடம். ‘8 மணி, ரொம்ப மோசம்’ என்று தன்னையே திட்டிக்கொண்டு எழுதிய பெண்ணின் போனில் 4 மணி 20 நிமிடம். யாரும் பொய் சொல்லவில்லை. நாள் முழுக்க அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று எடுத்து வைக்கும் ஒன்றை யாராலும் கூட்டி நினைவில் வைத்திருக்க முடியாது.

இரண்டாவது சுற்றில் ஸ்க்ரீன்ஷாட் வாங்கினேன். அதில் வேறு விதமாக அடிபட்டேன். மூன்றாவது சுற்றுதான் கைகொடுத்தது. ஆய்வு உதவித்தொகை இல்லாமல், புரோகிராமிங் தெரியாமல், ஒரு கல்வியாண்டுக்குள் டிசர்டேஷனை முடித்தாக வேண்டிய மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். இப்போதுதான் தலைப்பு எடுத்திருக்கிறீர்கள் என்றால் முழுவதும் படியுங்கள். மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவைத் தாண்டிவிட்டவர்கள் நேராக ஆறாவது படிக்குப் போகலாம்.

1. எதை அளக்கிறீர்கள் என்று ஒரே வரியில் எழுதுங்கள்

‘போன் பயன்பாடு’ என்பது ஒரே விஷயம் இல்லை. மொத்தம் எத்தனை நிமிடம் என்பது ஒன்று. எத்தனை தடவை கையில் எடுக்கிறார் என்பது வேறு. எந்தச் செயலியில் நேரம் போகிறது என்பது இன்னொன்று. ‘என்னால் போனைக் கீழே வைக்க முடியவில்லை’ என்று அவருக்குத் தோன்றுகிறதே, அது இவை மூன்றிலும் சேராது. அது பயன்பாடு இல்லை, பயன்பாட்டைப் பற்றிய அவருடைய மனக்கவலை.

பலரும் சறுக்குவது இங்கேதான். போன் அடிமைத்தன அளவுகோலை, அதாவது மதிப்பெண் போடும் வினாத்தாளை, கொடுத்து, வந்த மதிப்பெண்ணை ‘பயன்பாடு’ என்று எழுதிவிடுகிறார்கள். 2021இல் பாரியும் அவருடைய சகாக்களும் ‘நேச்சர் ஹ்யூமன் பிஹேவியர்’ இதழில், பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்து அலசும் ஒரு தொகுப்பாய்வை வெளியிட்டார்கள். மக்கள் தாங்களே சொன்ன பயன்பாட்டுக்கும் கருவியில் பதிவான பயன்பாட்டுக்கும் இடையே கிடைத்த ஒட்டுறவு 0.38தான். (இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்பதுதான் ஒட்டுறவு; 0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுப் பொருத்தம்.) பிரச்சினைக்குரிய பயன்பாட்டை அளக்கும் அளவுகோல்களை எடுத்தால் அதைவிடக் குறைவு, சுமார் 0.25. உங்கள் கைடு ‘அளவுகோல் போதும்மா, எதுக்கு இவ்வளவு கஷ்டம்’ என்று சொன்னால், இந்த ஒரு கட்டுரையை எடுத்துப் போய்க் காட்டுங்கள். என் கைடு அதைப் படித்த பிறகுதான் மூன்றாவது சுற்றுக்குச் சரி என்றார்.

அதனால் ஒரு தாளில் எழுதுங்கள்: ‘நான் அளப்பது, ஒரு முழு வாரத்தில் தினசரி திரை நேரம், நிமிடங்களில்.’ இந்த வரியைச் சுவரில் ஒட்டி வைத்தாலும் தப்பில்லை. அடுத்து வரும் எல்லா முடிவும் இதைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

2. மூன்று வழி இருக்கிறது, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

முதல் வழி, கேட்டு எழுதுவது. செலவே இல்லை. ஆனால் மேலே சொன்ன கதைதான் நடக்கும். மனக்கவலையை அளப்பது மட்டுமே உங்கள் நோக்கம் என்றால் இந்த வழி சரியானது, அதற்கு மேல் வேண்டாம்.

இரண்டாவது வழி, போனே வைத்திருக்கும் கணக்கை எடுப்பது. ஐபோனில் 2018இல் வந்த ஐஓஎஸ் 12 முதல் ‘ஸ்க்ரீன் டைம்’ இருக்கிறது. ஆண்ட்ராய்டில் அதே ஆண்டு முதல் ‘டிஜிட்டல் வெல்பீயிங்’ இருக்கிறது. இரண்டுக்கும் புதிதாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. மாணவர் ஆய்வுக்கு நான் சொல்வது இதைத்தான்.

மூன்றாவது வழி, பதிவு செய்யும் செயலியைப் பங்கேற்பாளர் போனில் நிறுவுவது. எந்த நொடியில் எந்தச் செயலி திறந்தது என்பது வரை கிடைக்கும். ‘அவேர்’, ‘பெய்வே’ போன்ற திறந்த மூல ஏற்பாடுகள் ஆய்வாளர்களுக்காகவே இருக்கின்றன. ஆனால் ஆண்ட்ராய்டில் ‘யூசேஜ் ஆக்சஸ்’ என்ற அனுமதியைப் பங்கேற்பாளரே செட்டிங்ஸுக்குள் போய்க் கொடுக்க வேண்டும். சில போன்களில் பேட்டரி சேமிப்பு ஏற்பாடு பின்னணியில் ஓடும் செயலியை நிறுத்திவிடும், தரவு நடுவில் அறுந்து போகும். சொந்தமாகச் செயலி செய்து ப்ளே ஸ்டோரில் ஏற்ற, ஒரு முறை 25 டாலர் பதிவுக் கட்டணம், அப்புறம் அவர்களுடைய பரிசீலனை. ஐபோனிலோ வெளிச் செயலி எதுவும் இந்தக் கணக்கை போனைவிட்டு வெளியே எடுத்துப் போக ஆப்பிள் விடுவதில்லை. கூட வேலை செய்ய ஒரு புரோகிராமரும் ஒரு வருடமும் இருந்தால் மட்டும் இந்தப் பக்கம் போங்கள்.

3. அளவுகோலுக்கு அனுமதி, மொழிபெயர்ப்பு

போன் கணக்கோடு ஒரு மனநிலை அளவுகோலும் வைப்பீர்கள். அதிகம் பேர் எடுப்பது 2013இல் கொரியாவில் உருவான ஸ்மார்ட்போன் அடிமைத்தன அளவுகோலின் சுருக்க வடிவம். 10 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 6 வரை, ஆகவே மதிப்பெண் 10 முதல் 60 வரை. ஆண்களுக்கு 31, பெண்களுக்கு 33 என்று, அதைத் தாண்டினால் சிக்கல் எனக் கருதும் ஒரு வெட்டு எல்லை அதில் உண்டு. அந்த எல்லை கொரியப் பள்ளி மாணவர்களை வைத்து வந்தது. அதை அப்படியே எடுத்து நம் ஊர் மாணவர்களில் இத்தனை சதவீதம் பேர் அடிமைகள் என்று எழுதாதீர்கள். மதிப்பெண்ணை மதிப்பெண்ணாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்மார்ட்போன் அடிமைத்தனம் என்ற நோய்ப்பெயர், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேடான டிஎஸ்எம்-5இலும் இல்லை, உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11இலும் இல்லை. ஐசிடி-11இல் இருப்பது விளையாட்டுக் கோளாறு மட்டும்.

எந்த அளவுகோலாக இருந்தாலும் உருவாக்கியவருக்கு மின்னஞ்சல் அனுப்பி அனுமதி கேளுங்கள். பதில் வர ஒரு வாரமும் ஆகலாம், ஒன்றரை மாதமும் ஆகலாம். எனக்கு ஒன்று மறுநாளே வந்தது, இன்னொன்று 40 நாள் கழித்து வந்தது. தலைப்பு உறுதியான அன்றே அனுப்பிவிடுங்கள். பதில் மின்னஞ்சலை அச்செடுத்து வையுங்கள், அடுத்த படியில் கேட்பார்கள்.

தமிழில் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் ஒருவர் தமிழாக்கம் செய்ய வேண்டும். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதை ஆங்கிலத்துக்குத் திருப்ப வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். இருவருக்கும் ஆளுக்கு 1,500 ரூபாய் கொடுத்தேன். மாணவர்களிடம் படித்துக் காட்டும்போது எந்தச் சொல்லில் தயங்குகிறார்கள் என்று பாருங்கள். ‘திறன்பேசி’ என்று நான் எழுதியிருந்த இடத்தில் மூன்று பேர் நிறுத்தி ‘செல்போன் தானே?’ என்று கேட்டார்கள். மாற்றிவிட்டேன்.

இன்னொரு கண்ணி, கால அளவு. தூக்கத்துக்கு நான் எடுத்த பிட்ஸ்பர்க் வினாத்தாள் ‘கடந்த ஒரு மாதம்’ என்று கேட்கும். போன் கணக்கோ ஒரு வாரம். இரண்டும் வேறு வேறு காலம். வைவாவில் முதல் கேள்வியே இதுதான் வந்தது. முடிந்தால் அதே வாரத்தைக் கேட்கும் அளவுகோலை எடுங்கள். முடியாவிட்டால் இந்தக் குறையை நீங்களே அறிக்கையில் எழுதிவிடுங்கள்.

4. நெறிமுறைக் குழு

இதற்குத்தான் அதிக நேரம் போகும். பல கல்லூரிகளில் குழு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் கூடும். கடைசித் தேதியை நான்கு நாள் தவறவிட்டதால் எனக்கு இரண்டு மாதம் காத்திருப்பு. துறை அலுவலகத்தில் முதல் வாரமே போய் அடுத்த கூட்டம் எப்போது, எத்தனை நாள் முன்னால் கொடுக்க வேண்டும், எத்தனை நகல், கட்டணம் உண்டா என்று கேட்டு எழுதி வையுங்கள். கட்டணம் இடத்துக்கு இடம் மாறும்.

நான் கொடுத்த காகிதங்கள்: ஆய்வு முன்மொழிவு, பங்கேற்பாளர் தகவல் தாள், ஒப்புதல் படிவம், எல்லா வினாத்தாள்களும், அளவுகோல் அனுமதி மின்னஞ்சல்கள், தரவு எடுக்கப்போகும் கல்லூரிகளின் முதல்வர்களிடம் வாங்கிய அனுமதிக் கடிதம், என்னுடைய, கைடுடைய தன்விவரக் குறிப்பு, தரவை எங்கே எவ்வளவு காலம் வைப்பேன் என்று அரைப் பக்கம். தகவல் தாளும் ஒப்புதல் படிவமும் தமிழிலும் ஆங்கிலத்திலும் வேண்டும். முதல் தடவை தமிழ்ப் பிரதி வைக்காததால் என் கோப்பு திரும்பி வந்தது. அதில் அவர்கள் பக்கம்தான் நியாயம். படித்துப் புரியாத ஒன்றுக்கு ஒருவர் எப்படி ஒப்புதல் கொடுப்பார்?

முன்மொழிவில் எந்த வகைப் பரிசீலனை கேட்கிறீர்கள் என்று குறிப்பிட வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டு நெறிகளில் மூன்று வகை: பரிசீலனையிலிருந்து விலக்கு, விரைவுப் பரிசீலனை, முழுக் குழுப் பரிசீலனை. போன் கணக்கு தனிநபர் தகவல் என்பதால் விலக்கு கேட்க வேண்டாம். ஆபத்து குறைந்த ஆய்வு என்று விளக்கி விரைவுப் பரிசீலனை கேளுங்கள், முடிவு அவர்களுடையது.

வயது விஷயத்தில் கவனம். கல்லூரி மாணவர்தானே, எல்லோரும் மேஜர் என்று நினைத்துவிடாதீர்கள். முதலாமாண்டு இளங்கலையில் 17 வயதுக்காரர்கள் நிறைய உண்டு. 18 நிறையாதவர் என்றால் பெற்றோரின் ஒப்புதலும் வேண்டும், அவருடைய எழுத்துப்பூர்வ இசைவும் வேண்டும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் 18க்குக் கீழ் என்றால் குழந்தைதான். நான் இரண்டாமாண்டு, மூன்றாமாண்டு மாணவர்களை மட்டும் எடுத்து, பிறந்த தேதியையும் கேட்டுச் சரிபார்த்தேன்.

தகவல் தாளில் நீங்கள் எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்பதை மறைக்காமல் எழுதுங்கள். செயலிப் பட்டியல் என்பது ஒருவருடைய வாழ்க்கை. கடன் செயலி, திருமணத் தகவல் செயலி, மாதவிடாய்க் கணக்கு, மனநல ஆலோசனை எல்லாம் அந்தப் பட்டியலில் பெயரோடு நிற்கும். உங்கள் கேள்விக்கு மொத்த நிமிடம் போதும் என்றால் செயலிப் பெயர்களைத் தொடவே தொடாதீர்கள். தேவையில்லாததை வாங்காமல் இருப்பதுதான் ஆகப் பெரிய பாதுகாப்பு.

தன் எண்ணைப் பார்த்துச் சங்கடப்படுபவர்களும் இருப்பார்கள். கல்லூரி ஆலோசகரின் விவரத்தையும் அரசின் டெலி மானஸ் உதவி எண்ணான 14416ஐயும் தகவல் தாளின் கடைசியில் போடுங்கள்.

5. எத்தனை பேர், எந்த வாரம்

‘100 பேர் எடுத்துக்கோ’ என்று யாராவது சொல்வார்கள். இலவசமாகக் கிடைக்கும் ஜி-பவர் மென்பொருளில் கணக்குப் போடுங்கள். 0.3 ஒட்டுறவை 80 சதவீத வலுவோடு, அதாவது அது உண்மையில் இருந்தால் நூற்றுக்கு 80 தடவை தெரியவரும் அளவுக்கு, கண்டுபிடிக்கச் சுமார் 85 பேர் போதும். 0.2 என்றால் சுமார் 194 பேர். வரும் தரவில் ஒரு பகுதி கெடும், அதற்காகக் கால் பங்கு கூட்டிக்கொள்ளுங்கள்.

எத்தனை நாள் என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. 2018இல் வில்காக்சன், எல்லிஸ், ஷா மூவரும் செய்த ஆய்வில், ஒருவரின் வழக்கமான பயன்பாட்டு நேரத்தை அறியக் குறைந்தது 5 நாள் தரவு வேண்டும் என்று கண்டார்கள். வார நாளும் விடுமுறையும் சேர வேண்டும் என்பதால் நான் 7 நாள் எடுத்தேன்.

வாரத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் முக்கியம். நவம்பர், டிசம்பரில் செமஸ்டர் தேர்வு. ஜனவரி நடுவில் பொங்கல் விடுமுறை, ஊருக்குப் போகும் பேருந்தில் ஆறு மணி நேரம் போன்தான் துணை. மார்ச் கடைசியில் ஐபிஎல் தொடங்கிவிடும். மிஞ்சுவது ஜனவரிக் கடைசி முதல் மார்ச் நடு வரை. அந்தப் பிப்ரவரியைப் பிடிக்க வேண்டும் என்றால் நெறிமுறைக் குழுவின் கடிதம் டிசம்பரில் கையில் இருக்க வேண்டும், விண்ணப்பம் செப்டம்பரில் போயிருக்க வேண்டும், அளவுகோல் அனுமதிக்கு ஜூலையிலேயே எழுதியிருக்க வேண்டும். பின்னாலிருந்து எண்ணித்தான் காலண்டர் போட வேண்டும்.

6. முதல் சந்திப்பு: கணக்கு ஓடுகிறதா என்று பாருங்கள்

தரவு வாங்கும் நாளில் போய் நின்றால் சிலருடைய போனில் ஒன்றுமே இருக்காது. ஐபோனில் ஸ்க்ரீன் டைம் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். ஆண்ட்ராய்டில் பயன்பாட்டைப் பதியும் வசதியை இயக்கியிருக்க மாட்டார்கள். அணைந்திருந்த நாட்களின் கணக்கு பிறகு கிடைக்கவே கிடைக்காது.

அதனால் இரண்டு சந்திப்பு வையுங்கள். முதல் சந்திப்பில் ஒப்புதல், பிறகு கணக்கு ஓடுகிறதா என்ற சோதனை, அவ்வளவுதான். பத்து நிமிடம் ஆகும். ஒன்பது, பத்து நாள் கழித்து இரண்டாவது சந்திப்பு. ‘கணக்கு எடுக்கப் போகிறோம்’ என்று தெரிந்தால் குறைத்துப் பயன்படுத்த மாட்டார்களா என்று கேட்பீர்கள். சிலர் குறைப்பார்கள்தான். ஏற்கெனவே கணக்கு ஓடிக்கொண்டிருந்த போன்களில் முதல் சந்திப்புக்கு முந்தைய வாரத்தையே எடுத்தேன், மற்றவர்களுக்கு மட்டும் அடுத்த வாரம். யார் எந்த வகை என்று தனிப் பத்தியில் (நெடுவரிசையில்) குறித்துக்கொண்டேன்.

7. எண்ணை வாங்கும் நாள்

இரண்டாவது சுற்றில் வாட்சப்பில் ஸ்க்ரீன்ஷாட் அனுப்பச் சொன்னேன். அதை மட்டும் செய்யாதீர்கள். ஒருவர் நடப்பு வாரத்தை அனுப்புவார், அதில் இன்றைய பாதி நாளும் சேர்ந்திருக்கும். ஒருவர் பாதியை வெட்டி அனுப்புவார். ஒரு படத்தின் மேல் விளிம்பில் அப்போதுதான் வந்த குறுஞ்செய்தி, அதில் அவர் அம்மாவின் மருத்துவமனைப் பரிசோதனை முடிவு. அதை நான் பார்த்திருக்கவே கூடாது. அதோடு, அனுப்பியவர் எண்ணும் பெயரும் என் போனில் நிரந்தரமாக இருக்கும். கூகுள் படிவத்தில் படம் ஏற்றச் சொன்னால் அவர்கள் கூகுள் கணக்கில் உள்நுழைந்தே ஆக வேண்டும், பெயர் தெரியாத ஆய்வு என்று சொன்ன வாக்கு அங்கேயே போய்விடும்.

மூன்றாவது சுற்றில் படமே வாங்கவில்லை. காலி வகுப்பறையில் ஒவ்வொருவராக உட்கார வைத்து, போன் அவர் கையிலேயே இருக்க, அவர் வாசிக்க நான் எழுதினேன். எழுதியதை அவரிடம் காட்டி மறுபடி ஒத்துப் பார்க்கச் சொன்னேன். ஒருவருக்கு எட்டு நிமிடம். ஒரு நாளைக்கு 15 பேர் வரை முடியும், அதற்கு மேல் போனால் எண்கள் கண்ணில் மங்கும்.

ஐபோன் என்றால் செட்டிங்ஸில் ஸ்க்ரீன் டைம், அதில் எல்லாச் செயலி நடவடிக்கையும் காட்டும் பகுதி. ‘வாரம்’ என்பதை அழுத்தி, ஒரு வாரம் பின்னால் தள்ளி, ஒவ்வொரு நாளின் பட்டையையும் தொட்டால் அந்த நாளின் நேரம் வரும். ‘ஷேர் அக்ராஸ் டிவைசஸ்’ இயக்கத்தில் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். இருந்தால் ஐபேட், மேக் நேரமும் கூடிவிடும். மேலே கருவியைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் போனை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

ஆண்ட்ராய்டு என்றால் செட்டிங்ஸில் டிஜிட்டல் வெல்பீயிங், நடுவில் இருக்கும் வட்டத்தைத் தொட்டால் நாள்வாரியாக வரும். நிறுவனத்துக்கு நிறுவனம் முகப்பு கொஞ்சம் மாறும். அதனால் முதல் பத்துப் பேரை முன்னோட்டமாக வைத்து எல்லா வகைப் போனையும் ஒரு தடவை கையில் பார்த்துவிடுங்கள். சராசரியை வாங்க வேண்டாம். வாரம் ஞாயிறில் தொடங்குகிறதா திங்களில் தொடங்குகிறதா என்பது கூட மாறும். தேதி போட்டு ஏழு எண்களை எழுதினால் இந்தக் குழப்பம் கிடையாது.

சரி, எண் கையில் வந்தாயிற்று. அந்த எண் அவருடையதுதானா?

பி.காம். இரண்டாமாண்டுப் பையன் ஒருவன், தினமும் 9 மணி 40 நிமிடம். நான் எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடப் போனேன். அவனே, ‘அக்கா, சாயங்காலம் சாப்பாடு டெலிவரி பண்றேன். வண்டில மேப் ஓடிட்டே இருக்கும்’ என்றான். செயலிவாரிக் கணக்கை அவனே திறந்து காட்டினான். மேப் மட்டும் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். வண்டிக் கைப்பிடியில் மாட்டும் போன், அதன் கண்ணாடி மூலையில் கீறல், மழைக்குக் கட்டிய பாலித்தீன் உறை அப்படியே இருந்தது. தூக்கம் கெடும் அளவுக்குப் போன் பார்ப்பவன் என்று அவனைக் கணக்கில் எழுதியிருப்பேன். அவன் தூக்கம் கெட்டது உண்மைதான், காரணம் இரவு பன்னிரண்டு மணி வரை வேலை.

மறுநாள் ஒரு பெண். 7 மணிக்கு மேல். ‘அது நான் இல்லக்கா. ஆறு மணிக்கு மேல போன் தம்பி கையிலதான். அவன் கேம் ஆடிட்டு வெச்சப்புறம் அம்மா சீரியல் பாப்பாங்க’ என்றாள். வீட்டில் நல்ல போன் அது ஒன்றுதான். ‘ஒரு ஆள், ஒரு போன்’ என்று நினைத்து வந்த முறைகள் நம் வீடுகளுக்குள் வந்ததும் தடுக்கி விழுவது இங்கேதான். அந்த மாலைக்குப் பிறகு வீட்டுக்குப் போய் படிவத்தையே மாற்றினேன்.

ஏழு எண்களுக்குக் கீழே இந்தக் கேள்விகளை அச்சடித்து வையுங்கள்:

இந்த வாரம் உங்கள் போனை வீட்டில் வேறு யாராவது பயன்படுத்தினார்களா? தினமும் சுமார் எவ்வளவு நேரம்?

வேலைக்காக மேப், பில் போடும் செயலி, ஆன்லைன் வகுப்பு என்று திரை தொடர்ந்து ஓடியதா?

பாட்டுக்காகவோ சமையல் குறிப்புக்காகவோ திரையை அணைக்காமல் ஓரமாக வைக்கும் பழக்கம் உண்டா?

உங்களிடம் இன்னொரு போன் இருக்கிறதா?

இந்த வாரத்தில் காய்ச்சல், கல்யாணம், பயணம், போன் ரிப்பேர் என்று வழக்கத்துக்கு மாறாக ஏதாவது நடந்ததா?

பதில்களைக் கொண்டு அங்கேயே எண்ணைக் கூட்டிக் கழிக்காதீர்கள். எண்ணை அப்படியே எழுதி, பதிலைப் பக்கத்தில் எழுதுங்கள். பகிர்ந்த போன்களை நீக்கி ஒரு தடவை, சேர்த்து ஒரு தடவை என்று பிறகு இரண்டு விதமாகவும் அலசலாம். நான் எடுத்த 140 பேரில் 23 பேர் போனைப் பகிர்பவர்கள். அவர்களைக் கேட்காமல் விட்டிருந்தால் என் முடிவு என்னவாகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

8. எக்செல்லில் ஏற்றும்போது

4 மணி 37 நிமிடத்தை 4.37 என்று தட்டாதீர்கள். 4.37 மணி என்றால் 262 நிமிடம், உண்மையில் அது 277. இதைவிட மோசம், 4 மணி 5 நிமிடத்தை அவசரத்தில் 4.5 என்று தட்டுவீர்கள், 4 மணி 50 நிமிடத்தை 4.50 என்று தட்டினால் எக்செல் அதையும் 4.5 ஆக்கிவிடும். இரண்டும் ஒன்றாகிப் போனது பிறகு கண்டுபிடிக்கவே முடியாது. மணிக்கு ஒரு பத்தி, நிமிடத்துக்கு ஒரு பத்தி, மூன்றாவது பத்தியில் மணியை 60ஆல் பெருக்கிக் கூட்டும் சூத்திரம்.

ஏற்றிய பிறகு ஐந்தில் ஒரு படிவத்தைத் தோழியை வைத்து மறுபடி ஏற்றச் சொல்லி ஒப்பிடுங்கள். 28 படிவத்தில் எனக்கு மூன்று பிழை கிடைத்தது. அதனால் மொத்தத்தையும் மறுபடி பார்த்தேன்.

கோப்பில் பெயர் வேண்டாம், 001, 002 என்று குறியீடு போதும். எந்தக் குறியீடு யார் என்ற பட்டியல் தாளில், பூட்டிய அலமாரியில், வேறு இடத்தில்.

9. அலசும்போது

ஐபோன் காட்டும் ‘பிக்கப்ஸ்’ (கையில் எடுத்த தடவை) எண்ணும் ஆண்ட்ராய்டு காட்டும் ‘அன்லாக்ஸ்’ (பூட்டைத் திறந்த தடவை) எண்ணும் ஒன்றல்ல. ஒன்றாகக் கலக்காதீர்கள். தேவைப்பட்டால் இரண்டு குழுவாகப் பிரித்து அலசுங்கள். திரை நேரத்தில் சிலருடைய எண் மிக உயரமாக நிற்கும், அதனால் சராசரியோடு இடைநிலையையும் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) கொடுங்கள், எண்களுக்குப் பதில் அவற்றின் வரிசையை வைத்துக் கணக்கிடும் ஸ்பியர்மேன் ஒட்டுறவும் போட்டுப் பாருங்கள். மென்பொருளுக்குக் காசு செலவழிக்க வேண்டாம், ஜமோவியும் ஜாஸ்ப்பும் இலவசம். காசு கட்டி வாங்க வேண்டிய எஸ்பிஎஸ்எஸ் புள்ளியியல் மென்பொருளின் திருட்டுப் பிரதி பக்கம் போகாதீர்கள், தேவையே இல்லை.

10. செலவும் முடிவில் செய்ய வேண்டியதும்

எனக்கு ஆனது: நகலெடுப்பு சுமார் 1,500, மொழிபெயர்ப்பு 3,000, பேருந்து 1,200. பங்கேற்றவர்களுக்கு டீ, பப்ஸ் என்று ஆளுக்கு 40 ரூபாய், மொத்தம் 5,600. சுமார் 11,300 ரூபாய். டீயும் பப்ஸும் கூட ஈடு என்ற கணக்கில் வரும், நெறிமுறை விண்ணப்பத்தில் முன்பே எழுதியிருக்க வேண்டும். நடுவில் சேர்த்தால் திருத்த விண்ணப்பம் போட வேண்டிவரும்.

டிசர்டேஷன் ஒப்படைத்த பிறகு, பங்கேற்றவர்களுக்கு ஒரு பக்கத்தில் தமிழில் முடிவை எழுதி அந்தந்தத் துறை அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். டெலிவரி பண்ணும் அந்தப் பையன் அதைப் படித்துவிட்டு, ‘எங்கள மாதிரி ஆளுங்கள தனியாப் போட்டீங்களாக்கா?’ என்று கேட்டு வந்தான். போட்டிருந்தேன், காட்டினேன்.

அப்புறம், தகவல் தாளில் எந்தத் தேதிக்குள் அழிப்பேன் என்று எழுதினீர்களோ அந்தத் தேதியைப் போனில் நினைவூட்டலாக வையுங்கள். பெயர்ப் பட்டியலைக் கிழித்துவிடுங்கள். இரண்டாவது சுற்றில் வாட்சப்பில் வந்தது ஏதாவது மிச்சம் இருந்தால் கேலரியிலும் பார்க்க வேண்டும். கூகுள் ட்ரைவில் அழித்தது 30 நாள் குப்பைத் தொட்டியில் கிடக்கும். அதையும் காலி செய்துவிட்டு, அழித்த தேதியை எழுதிக் கைடிடம் கையெழுத்து வாங்கிக் கோப்பில் வையுங்கள்.